நிலவில் இறங்கிய கலமும் இடையில் நின்ற தமிழும்

கோலா குபு பாருவை அடுத்து அம்பாங் பெச்சா என்றோர் ஊர் உண்டு. மலாய் மொழியில் அப்பெயருக்கு 'உடைந்த அணை' என்பது பொருள். 1883ஆம் ஆண்டு அங்கிருந்த அணை உடைந்து, கோலா குபு என்னும் பழைய ஊரின்மேல் வெள்ளம் பாய்ந்தது. அவ்வூரின் அதிகாரியாக இருந்த சிசில் ரேங்கிங் என்பவரும் அதில் மாண்டார். அணையைக் காத்துவந்த வெள்ளை முதலையை அவர் சுட்டதனால் விளைந்த கேடு அது என்று ஒரு கதை வழங்குகிறது. அவ்வட்டாரத்தில் இக்கதையைக் கேளாதார் குறைவு.

ஆனால் பழைய ஊர் கைவிடப்பட்டதற்கு அவ்வெள்ளம் காரணமன்று. அணை உடைந்த பின்னரும் மக்கள் அங்கேயே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தனர். ஆற்றின் மேற்புறத்தில் இருந்த ஈய லம்பங்கள் கழித்த மணலும் சேறும் சிலாங்கூர் ஆற்றில் இறங்கி, அதன் படுகையைச் சிறிது சிறிதாக உயர்த்தின. ஆறு மேடாக மேடாக, சிறு மழைக்கும் ஊருக்குள் நீர் புகலாயிற்று. 1926ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திற்குப் பிறகு, ஊரையே மேட்டு நிலத்திற்கு மாற்றுவதன்றி வேறு வழியில்லை என்றாயிற்று. நகரமைப்பு அறிஞர் சார்லஸ் ரீட் வகுத்த திட்டப்படி 'பாரு', அதாவது 'புதிய', கோலா குபு எழுந்தது. அணை உடைந்தது ஒரு நாள் நிகழ்ச்சி, கதையாவதற்கு ஏற்றது. மண் படிந்தது பல்லாண்டு நிகழ்ச்சி. அளந்து பார்த்தார்க்கே தெரிவது. ஊர்ப்பெயரில் உடைப்பு நிலைத்துவிட்டது, மண் இடம்பெறவில்லை.

விண்கலங்களைப் பற்றித் தமிழில் எழுதப்படுவனவற்றை ஆராயும்போது இந்தப் பழைய ஊரின் கதை நினைவுக்கு வருகிறது. 2023 ஆகஸ்டு 23ஆம் நாள், இந்திய நேரம் மாலை 6 மணி 4 நிமிடத்தில், மலேசியாவில் இரவு 8 மணி 34 நிமிடமாக இருந்த வேளையில், சந்திரயான்-3 திட்டத்தின் இறங்குகலமாகிய விக்ரம் நிலவின் தென்பகுதியில் பழுதின்றி இறங்கிற்று. அது குறித்துத் தமிழில் குவிந்த எழுத்தும் பேச்சும் பெரும்பாலும் அந்த நிமிடத்தோடு முடிந்துவிட்டன. இறங்கிய கலம் எதை அளந்தது, அளந்ததனால் எது தெளிவுபட்டது என்னும் பகுதி எழுதப்படவில்லை. எழுதப்பட்டதும் ஓரிரு வரிகளில் ஒடுங்கிற்று. இது எத்தகைய குறை, ஏன் குறை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாராட்டும் அதன் எல்லையும்

இவ்வகைக் கட்டுரைகளின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. குழந்தைக்கு நிலாவைக் காட்டிச் சோறூட்டும் தாயில் தொடங்கும். பண்டைத் தமிழரின் வானநூல் அறிவு அடுத்து வரும். பின்னர்ப் பெயர்கள் அணிவகுக்கும். சந்திரயான்-1 திட்டத்திற்குப் பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை, சந்திரயான்-2 திட்டத்திற்கு வனிதா, சந்திரயான்-3 திட்டத்திற்கு விழுப்புரம் வீரமுத்துவேல் என மூன்று திட்ட இயக்குநரும் தமிழர் என்பது சொல்லப்படும். இறுதியில் வாழ்த்து வரும். கட்டுரை முடியும்.

இவற்றுள் ஒன்றும் பொய்யன்று. பெருமை கொள்வதும் தவறன்று. ஆயினும் ஒருவரைப் பாராட்டுவது அவர் செய்த வேலையைச் சொல்லுவதனால் நிறைவுறுமே அன்றி, பிறந்த ஊரைச் சொல்லுவதனால் நிறைவுறாது. இரயில்வே தொழில்நுட்பப் பணியாளரின் மகனாகிய வீரமுத்துவேல் பட்டயப் படிப்பிலிருந்து படிப்படியாக உயர்ந்து சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வுப் பட்டம் பெற்றார் என்பது பலரும் எழுதிய செய்தி. அவர் எதனை ஆய்ந்தார் என்று எழுதியோர் சிலரே. விண்கலத்தில் உள்ள மின்னணுப் பெட்டிகள் அதிர்வால் கெடாதவாறு அவ்வதிர்வைத் தணிக்கும் வழிகள் அவருடைய ஆய்வுக்குரிய பொருளாக இருந்தன. ஏவுகலம் மேலெழும்போது உண்டாகும் நடுக்கத்தில் ஒரு கம்பியின் பற்று விட்டுப்போனால், மாதக்கணக்கில் பயணம் செய்து சேரும் கலம் ஊமையாகிவிடும். இவ்வொன்றைச் சொல்லியிருந்தால் படிக்கும் மாணவன் ஒரு மனிதரையும் அறிந்திருப்பான். ஒரு தொழிலையும் அறிந்திருப்பான்.

பாராட்டு மிகும்போது அளவும் பிழைபடுகிறது. கலம் நிலவின் தென்துருவத்தில் இறங்கியதாகவே பலரும் எழுதினர். அது இறங்கிய இடம் தென் குறுக்குக்கோடு 69 பாகையை ஒட்டியது. துருவம் 90 பாகை. நிலவில் ஒரு பாகை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஆதலால், கலத்திற்கும் துருவத்திற்கும் இடையே 600 கிலோமீட்டருக்கு மேல் தொலைவு உண்டு. கோலாலம்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையிலான சாலைத் தொலைவைப்போல் இது ஏறக்குறைய இருமடங்கு. அதற்கு முன் எந்த நாட்டின் கலமும் அவ்வளவு தெற்கே பழுதின்றி இறங்கியதில்லை என்பதே உண்மை; அவ்வுண்மையே போதிய பெருமை உடையது. துருவம் என்று மிகைப்படுத்தியதனால் பெருமை கூடவில்லை; நம்பகம் குறைந்தது.

கண்ணீரும் காரணமும்

வெற்றியைப் பற்றிய எழுத்து இவ்வாறெனின், தோல்வியைப் பற்றிய எழுத்து இன்னும் மெலிந்தது. 2019 செப்டம்பர் 7ஆம் நாள் விடியற்காலையில் சந்திரயான்-2 திட்டத்தின் இறங்குகலம் நிலவில் மோதிச் சிதைந்தது. அப்போது இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் கன்னியாகுமரி மாவட்டத்துச் சிவன். அவர் கண்கலங்கியதும் பிரதமர் அவரைத் தழுவிக்கொண்டதும் தமிழ் கூறும் நல்லுலகம் முழுதும் அறிந்த காட்சி. கலம் ஏன் மோதியது என்று கேட்டால் விடை சொல்வார் அரியர்.

விடை சொல்வதற்கு முன், இறங்குதல் ஏன் கடினம் என்பது விளங்க வேண்டும். வெள்ளிக் கோளில் காற்று மிக அடர்த்தியானது. ஆதலால் அங்குக் காற்றே கலத்தைத் தாங்கும். குடை ஓரளவே வேண்டும். செவ்வாயில் காற்று மெல்லியது. குடை வேகத்தைக் குறைக்கும், ஆனால் போதிய அளவு குறைக்காது. இறுதியில் எந்திரமோ காற்றுப்பையோ துணை செய்ய வேண்டும். நிலவிலோ காற்றே இல்லை. குடை அங்கே வெறுந்துணி. 30 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் விரையும் கலம், தன் எந்திரங்களை எதிர்த்திசையில் எரித்தே வேகத்தை முற்றும் கழிக்க வேண்டும். இதற்குள்ள காலம் இருபது நிமிடத்திற்கும் குறைவு. அந்த நேரத்தில் தரையிலிருந்து எவரும் அதனைக் கைப்பிடித்து நடத்துவதில்லை. கலத்தினுள் எழுதிவைத்த கட்டளைகளே உயரத்தைப் பார்த்து, வேகத்தைப் பார்த்து, அடுத்த செயலை முடிவு செய்கின்றன. 'பயங்கரமான பதினைந்து நிமிடங்கள்' என்று ஆங்கிலத் தொடரைத் தமிழாக்கி எழுதியோர் அந்தப் பயங்கரம் யாது என்று விளக்கியிருந்தால் தொடர் பொருள் பெற்றிருக்கும்.

சந்திரயான்-2இன் கலம் வேகத்தைக் குறைக்கத் தவறியதனால் விழுந்தது என்பது பொதுவான எண்ணம். முதலில் நேர்ந்தது அதற்கு மாறானது. அதன் ஐந்து எந்திரங்களும் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக உந்தின. வேகம் வகுத்த அளவைக் கடந்து குறைந்தது. கலம் அசையாமல் நின்று படம் பிடிக்க வேண்டிய கட்டத்தில் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. அவற்றைத் திருத்தக் கலம் விரைந்து திரும்ப வேண்டியிருந்தது. ஆனால் குறித்த அளவுக்கு மேல் விரைந்து திரும்பாதபடி கட்டளை எழுதப்பட்டிருந்தது. இறங்குவதற்கென்று குறித்த இடமோ 500 மீட்டர் நீளமும் 500 மீட்டர் அகலமும் உள்ள சிறு கட்டம். அதனை எட்டிப் பிடிக்கக் கலம் தரைக்கு அருகில் வேகத்தைக் கூட்டிற்று. முடிவு மோதல். இவ்விளக்கத்தை நிறுவனத்தின் அடுத்த தலைவர் சோமநாத் 2023ஆம் ஆண்டில் வெளிப்படையாகவே கூறினார்.

இக்காரணத்தை அறிந்தார்க்கே சந்திரயான்-3இன் அருமை புலப்படும். ஐந்து எந்திரம் நான்காயிற்று. 500 மீட்டர் கட்டம் 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமும் உள்ள பரப்பாக விரிந்தது. கால்கள் வலுவாயின. எரிபொருள் கூடிற்று. தரையை நோக்கி ஒளியைச் செலுத்தி வேகத்தை நேரே அளக்கும் கருவி சேர்ந்தது. எவை எவை பழுதுபடக்கூடும் என்று முதலில் பட்டியலிட்டு, அவை பழுதுபட்டாலும் இறங்கவேண்டும் என்ற அடிப்படையில் அக்கலம் அமைக்கப்பட்டது. 2019இன் கண்ணீரை மட்டும் படித்தவனுக்கு 2023இன் வெற்றி ஓர் அற்புதமாகவே தோன்றும். காரணத்தைப் படித்தவனுக்கு அது திருத்தி எழுதிய விடைத்தாளாகத் தோன்றும். தேர்வில் தவறிய மாணவன் கையில் கொடுக்கத்தக்கது இவற்றுள் எது என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

மீண்டும் படித்தவர்கள்

தோல்வி எனத் தள்ளப்பட்டதை மறுபடியும் எடுத்துப் படித்தவர்களால் விளைந்த பயனுக்கு உலக வரலாற்றில் சான்று உண்டு. 1970 டிசம்பர் 15ஆம் நாள் சோவியத் நாட்டின் வெனேரா-7 வெள்ளியின் தரையை அடைந்தது. குடை பழுதுற்றதனால் அது வேகமாகவே விழுந்தது. குறிப்பொலி நின்றுவிட்டது, கலம் அழிந்தது என்றே முதலில் கருதினர். பின்னர், பதிவு நாடாக்களை மீண்டும் ஆராய்ந்தபோது, இரைச்சலுக்குள் மிக நலிந்த குறிப்பொலி ஒன்று 23 நிமிடம் தொடர்ந்திருப்பதைக் கண்டனர். ஒருக்களித்து விழுந்து கிடந்த கலம் அந்நிலையிலேயே பேசிக்கொண்டிருந்தது. தரையின் வெப்பம் 475 செல்சியஸ் பாகை அளவினது என்பதும், அங்குள்ள காற்றின் அழுத்தம் புவியினதைப்போல் ஏறத்தாழ 90 மடங்கு என்பதும் அந்த நலிந்த ஒலியிலிருந்து பெற்ற அறிவு. ஈயமும் உருகும் அவ்வெப்பத்தில், வேறொரு கோளின் தரையிலிருந்து மனிதன் செய்த கருவி செய்தி அனுப்பியது அதுவே முதன்முறை. நாடாவை மீண்டும் கேட்டிராவிடின் அவ்வரலாறு தோல்வி என்ற ஒரு சொல்லோடு முடிந்திருக்கும்.

இத்தகைய மறுவாசிப்பைச் செய்த ஒருவர் தமிழரிடையேயும் உண்டு. சண்முக சுப்பிரமணியன் சென்னையில் பணியாற்றிய பொறியாளர். எந்த விண்வெளி நிறுவனத்தையும் சேர்ந்தவர் அல்லர். சந்திரயான்-2இன் கலம் விழுந்த பகுதியை அமெரிக்க நிலாச் சுற்றுகலம் 2019 செப்டம்பரில் எடுத்த படத்தை நாசா பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட்டது. அவர் அதனை அதே இடத்தின் பழைய படத்தோடு புள்ளி புள்ளியாக ஒப்பிட்டார். பழைய படத்தில் இல்லாத ஒரு வெண்புள்ளி புதிய படத்தில் இருந்தது. அதனை நாசாவுக்கு எழுதினார். நாசாவின் ஆய்வாளர்கள் பின்னர் எடுத்த படங்களையும் ஆராய்ந்து, அது சிதறிய கலத்தின் துண்டே என்று உறுதிசெய்து, 2019 டிசம்பரில் அவர் பெயரைக் குறிப்பிட்டு அறிவித்தனர்.

அவர் செய்தது யாது? இரண்டு பாடங்களை ஒப்பிட்டு வேறுபாட்டைக் கண்டார். ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் காணும் பதிப்பாசிரியரின் பணியும் இதுவே. பொறுமையும் கூர்ந்த பார்வையும் இருந்தால் வெளியார் ஒருவரும் அறிவியலுக்குப் பங்களிக்கலாம் என்பதற்கு இதனினும் நல்ல சான்று தமிழ் மாணவனுக்குக் கிடைப்பது அரிது. தமிழ் ஏடுகளோ அவரையும் பாராட்டுப் பட்டியலில் ஒரு பெயராகச் சேர்த்ததோடு அமைந்தன. அவர் ஒப்பிட்ட முறையை விளக்குவதில் அவை போதிய அக்கறை காட்டவில்லை.

நாமக்கல் மண்ணும் நிலாப் பாறையும்

தமிழ் எழுத்து இடையில் நின்றுவிடுகிறது என்பதற்கு மிகத் தெளிவான சான்று நாமக்கல் மண். இறங்குகலத்தையும் அதனுள்ளிருந்து இறங்கி ஊரும் ஊர்கலத்தையும் சோதித்துப் பார்க்க, நிலவின் மண்ணைப் போன்ற மண் இந்திய விண்வெளி நிறுவனத்திற்குப் பெருமளவில் தேவைப்பட்டது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களில் கிடைக்கும் அனார்த்தோசைட் என்னும் வெண்பாறை அதற்கு ஏற்றதாக இருந்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையினர் துணைநின்றனர். 2012 முதல் ஏறத்தாழ 50 டன் அனுப்பப்பட்டதாகச் செய்தி வந்தது. மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் கட்டிய காலத்தில் பழைய சேலம் ஜில்லாவிலிருந்து கப்பலேறியோர் பலர். அவர்கள் வழிவந்தோர் இச்செய்தியைப் படித்து மகிழ்ந்ததில் வியப்பில்லை.

ஆனால் தமிழ் எழுத்து 'நம் மண்ணில் சோதனை நடந்தது' என்ற அளவிலேயே நின்றது. அந்தப் பாறை ஏன் நிலவின் மண்ணைப் போன்றிருக்க வேண்டும் என்ற கேள்வியை எழுப்பியோர் சிலரே. அக்கேள்விக்குரிய விடையை அளந்து தந்தது ஊர்கலமாகிய பிரக்யான். 26 கிலோகிராம் எடையுள்ள அது ஏறத்தாழ 100 மீட்டர் ஊர்ந்து, 23 இடங்களில் மண்ணின் தனிமங்களை அளந்தது. அவ்வளவுகளின் முடிவை அகமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆய்வகத்தின் அறிஞர்கள் 2024 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். அம்மண்ணின் அடிப்படை இரும்பு கலந்த அனார்த்தோசைட் என்பது அம்முடிவு.

இதன் பொருள் பெரிது. நிலவு தோன்றிய காலத்தில் அதன் மேற்புறம் முழுதும் உருகிய பாறைக் கடலாக இருந்தது என்பது அறிஞர் கொள்கை. அக்கடல் ஆறும்போது கனத்த கனிமங்கள் கீழே படிந்தன. இலேசானவை, காய்ச்சிய பாலின்மேல் ஆடை படர்வதுபோல், மேலே மிதந்து உறைந்தன. அந்த ஆடையே அனார்த்தோசைட். அமெரிக்காவின் அப்பல்லோ, சோவியத்தின் லூனா ஆகிய கலங்கள் கொண்டுவந்த மண் இக்கொள்கைக்குச் சான்றளித்தது. ஆயின் அக்கலங்கள் இறங்கியவை நிலவின் நடுப்பகுதிக்கு அண்மையான இடங்கள். தெற்கே அவ்வளவு தொலைவிலும் அதே ஆடை உண்டு என்பதைத் தரையில் நின்று அளந்து காட்டியது பிரக்யான். சித்தம்பூண்டிப் பாறை வேறொரு வரலாற்றில் புவியினுள் பிறந்தது. ஆயினும் கனிம அமைப்பில் அதற்கு நெருங்கியது. சோதனைக்கு அதனைத் தேர்ந்தது பொருத்தமே என்று நிலவே சான்று கூறிற்று. மண் அனுப்பிய செய்தியையும் மண்ணை அளந்த செய்தியையும் சேர்த்துக் கூறியிருந்தால் ஒரு முழுமையான கட்டுரை தமிழுக்குக் கிடைத்திருக்கும். கிடைத்தது முதற்பாதி.

ஒரு மீட்டர் இடைவெளி

மற்றொரு சான்று வெப்பமானி. விக்ரம் கலத்திலிருந்து ஒரு கோல் நிலவின் மண்ணுள் இறங்கிற்று. அதில் பத்து உணர்விகள் வரிசையாக இருந்தன. மேற்பரப்பில் சுட்டெரிக்கும் வெப்பம் இருக்க, 8 சென்டிமீட்டர் ஆழத்தில் உறைநிலைக்கும் கீழே 10 பாகை என்று அது காட்டியதாக 2023 ஆகஸ்டு இறுதியில் செய்தி வந்தது. ஒரு சாண் ஆழம்கூட இல்லை. அதற்குள் அத்தனை வேறுபாடு. நிலவின் தூள் அவ்வளவு சிறந்த வெப்பத் தடுப்பான் என்பதே அதன் பொருள். தமிழ் ஏடுகள் இதனை வியப்புச் செய்தியாக வெளியிட்டன, பிறகு மறந்தன.

2025ஆம் ஆண்டில் அவ்வளவுகளின் முழு ஆய்வு வெளிவந்தது. கோல் இறங்கிய இடத்தில் மேற்பரப்பின் வெப்பம் 82 பாகை. ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு அப்பால் சமதரையில் 59 பாகை. இவ்வேறுபாட்டிற்குக் காரணம், கோல் இறங்கிய இடம் கதிரவனை நோக்கி 6 பாகை அளவு சாய்ந்திருந்தமை. காற்று இருந்தால் வெப்பத்தைக் கலந்து சமன்செய்யும். நிலவில் அது இல்லாததால் சிறு சரிவும் பெரு வேறுபாட்டை உண்டாக்குகிறது. இதிலிருந்து அறிஞர்கள் ஒரு முடிவுக்கு வந்தனர். கதிரவனுக்குப் புறங்காட்டித் துருவத்தை நோக்கி 14 பாகைக்கு மேல் சாய்ந்த சரிவுகள், துருவத்திற்கு அப்பாலும் சிறிது ஆழத்திலேயே நீர்ப்பனியை வைத்திருக்கக்கூடும் என்பது அது. நிலவில் நீரைத் தேடுவோர் துருவத்தின் இருட்பள்ளங்களையே நம்பியிருக்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கை இதனால் பிறக்கிறது.

தோட்டத்து மக்களுக்கு இது விளங்காத செய்தியன்று. விடியுமுன் நெற்றி விளக்கோடு பால்மரம் சீவச் சென்றோர், வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பதை அறிவர். கிழக்கு நோக்கிய மலைச்சரிவில் வெயில் முந்தும், மேற்குச் சரிவில் பிந்தும் என்பதையும் அறிவர். அவர்கள் அறிந்த சரிவையும் வெயிலையும் கொண்டே நிலவின் சரிவை விளக்கியிருக்கலாம். அதற்கு வேண்டிய தமிழ் அவர்களிடமே இருக்கிறது. எழுதுவோர் அதனைக் கேட்டு வாங்கவில்லை.

சொல்லும் பொருளும்

கலைச்சொல் இல்லாமையே இக்குறைக்குக் காரணம் என்பார் உளர். இது ஓரளவே உண்மை. ஒரே கருவிக்கு ஒருவர் 'லேண்டர்' என்றும், ஒருவர் 'தரையிறங்கி' என்றும், வேறொருவர் 'இறங்குகலம்' என்றும் எழுதுகின்றனர். ஊர்ந்து செல்லும் கருவியை 'உலாவி' என்று எழுதுவாரும் உண்டு. அச்சொல்லோ இணையத்தை உலவும் மென்பொருளுக்கு முன்னமே வழங்கிவிட்டது. மாணவன் மயங்குகிறான். மரக்கலம் என்பது பழஞ்சொல்; விண்கலம் என்பது அதன் வழியில் எளிதாகப் பிறந்த புதுச்சொல். அதே முறையில் சுற்றுகலம், இறங்குகலம், ஊர்கலம் என மூன்று சொற்களை நிலைபெறச் செய்தால், சொல்லைக் கேட்ட அளவிலேயே செயல் விளங்கும்.

ஆனால் சொல் கிடைத்ததும் பொருள் கிடைத்துவிடாது. 2023 செப்டம்பரில் நிலவில் இரவு வந்தபோது கலம் 'உறங்கியது' என்று எழுதினர். பகல் மீண்டபோது 'விழிக்கவில்லை' என்று வருந்தினர். சொற்கள் இனிய தமிழே. ஆயினும் அக்கலம் நிலவின் ஒரு பகலுக்கு, அதாவது புவியின் ஏறத்தாழ 14 நாளுக்கு, உழைக்கவே அமைக்கப்பட்டது என்ற அடிப்படைச் செய்தி அவ்வருத்தத்தில் மறைந்துபோயிற்று. இட்ட பணியை முடித்ததோடு அமையாமல், செப்டம்பர் 3ஆம் நாள் எந்திரத்தை மீண்டும் இயக்கி 40 சென்டிமீட்டர் அளவு எழும்பி, சற்றே தள்ளி மறுபடியும் இறங்கிக் காட்டிய கலம் அது. நிலவின் மண்ணைப் புவிக்குக் கொண்டுவர வேண்டுமாயின் அங்கிருந்து எழும்பத் தெரிய வேண்டும். அதற்கு முதற்படி அச்சிறு தாவல். அதனைத் தோற்றதுபோல் எழுதுவது அறியாமையால் விளைந்த இரக்கம்.

மறுப்பும் விடையும்

நாளேடு பாடநூல் அன்று. மக்கள் மகிழ்ந்திருக்கும் நாளில் பாறையின் அமைப்பையும் சரிவின் பாகையையும் யார் படிப்பார் என்று கேட்கலாம். நேர்மையான கேள்வியே. வெற்றி நாளன்று வாழ்த்து வெளியிடுவது ஏட்டின் கடமை. அதனை யாரும் குறை கூறார். குறை, அதன் பின்வந்த மாதங்களில் இருக்கிறது. 2024இல் பாறையின் முடிவு வந்தபோதும், 2025இல் வெப்பத்தின் முடிவு வந்தபோதும் வாழ்த்து எழுதிய கைகளுள் எத்தனை மீண்டும் பேனாவை எடுத்தன?

முன்மாதிரி இல்லை என்றும் சொல்ல இயலாது. பெ. நா. அப்புசாமி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அறிவியலைத் தெளிந்த தமிழில் எழுதத் தொடங்கி, நெடுங்காலம் அப்பணியைச் செய்தார். விண்வெளி நிறுவனத்தில் பணியாற்றியவாறே நெல்லை சு. முத்து தமிழில் எழுதிக் குவித்தார். மயில்சாமி அண்ணாதுரை தம் பட்டறிவைத் தாமே 'கையருகே நிலா' என்னும் நூலாக்கினார். இவர்கள் வகுத்த வழி இருக்கிறது. நடப்போர் குறைவு.

மலேசியத் தமிழர்க்கு இது வெறும் எழுத்து நயம் பற்றிய பூசலன்று. 2003ஆம் ஆண்டில் நாட்டின் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு உட்பட்டன. 2012 முதல் அம்முறை படிப்படியாக விலக்கப்பட்டது. 2016இல் தொடங்கிய இருமொழித் திட்டம் அவ்வினாவை மீண்டும் கிளப்பிற்று. அறிவியலைத் தமிழிலேயே கற்பிக்க முடியும், கற்பிக்க வேண்டும் என்று அப்போதெல்லாம் மேடைதோறும் முழங்கினர். முழக்கம் சரியே. ஆனால் அதனை மெய்ப்பிக்க வேண்டிய இடம் மேடையன்று. தமிழ்ப்பள்ளியில் படிக்கும் சிறுவன், கலம் ஏன் விழுந்தது என்று கேட்டால், விடையைத் தமிழில் படித்துக்கொள்ள ஏதேனும் இருக்கிறதா என்பதே சோதனை. தமிழில் பெருமை மட்டும் கிடைக்கும், காரணம் வேண்டுமாயின் ஆங்கிலத்திற்குத்தான் போகவேண்டும் என்று அவன் பத்து வயதிலேயே கண்டுகொண்டால், தமிழ் அறிவியலுக்கு ஆகாது என்போரின் கட்சியை எழுதாத எழுத்தாளரே வெல்லச் செய்தவர் ஆவர்.

ஆதலின் செய்யத்தக்கது மிகப் பெரிதன்று. ஏடுகள், ஒரு கலம் இறங்கிய நாளில் வெளியிடும் பக்கங்களுள் ஒன்றையேனும் ஓராண்டு கழித்து வரும் ஆய்வு முடிவுக்கு ஒதுக்கிவைக்கலாம். பேச்சுப் போட்டிக்கு மாணவரைப் பழக்குவோர் தமிழ் அறிவியலாளரின் பெயர்களோடு அவர் செய்த வேலையையும் ஒரு வாக்கியத்தில் சொல்லப் பழக்கலாம். விண்வெளி பற்றி எழுதப் புகுவோர், எங்கே இறங்கியது, எப்படி இறங்கியது, எதை அளந்தது, அதனால் என்ன தெரிந்தது என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை தந்த பின்னரே வாழ்த்தோடு முடிப்பது என்று ஒரு வரம்பு கட்டிக்கொள்ளலாம்.

விக்ரம் கலம் நிலவில் இன்றும் அசையாமல் நிற்கிறது. அது அனுப்பிய அளவுகள் இன்னும் ஆராயப்பட்டு வருகின்றன. அதன் நில அதிர்வுமானி பதிந்த 250க்கு மேற்பட்ட அதிர்வுகளுள் ஏறத்தாழ 50, கலத்தின் அசைவாலோ ஊர்கலத்தின் அசைவாலோ உண்டானவை எனக் கொள்ள இயலாதவை. அவற்றின் காரணம் தேடப்படுகிறது. அது கண்டறியப்படும் நாளில் ஆரவாரம் இராது, கண்ணீரும் இராது. அன்று அதனைத் தமிழில் எழுதி வைப்பவரே, அணை உடைந்த கதையோடு நில்லாமல், ஆற்றில் மண் ஏறிய கதையையும் ஊராருக்குச் சொன்னவர் ஆவார்.